ஐந்து பேரும் ஓர் ஆர்மோனியமும்

ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று பேரெடுத்த நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு ஆரம்பிப்பதைப் பற்றிய வேடிக்கைப் படம் மேற்கே ஒரு தனி ஜாதியாகவே வளர்ந்துவிட்டது. அதன் விதிகள் சுலபமானவை. அவர்களுக்கு வாசிக்கத் தெரியக்கூடாது. தெரிந்தாலும் கேட்க ஆள் இருக்கக்கூடாது. ஒரு வண்டி இருக்க வேண்டும், அது பாதி வழியில் நிற்க வேண்டும். கடைசியில் அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. ஆலன் பார்க்கர் 1991இல் எடுத்த 'தி கமிட்மென்ட்ஸ்' படத்தில் டப்ளின் நகரத்துத் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்கிறார்கள், கறுப்பின அமெரிக்கர்களின் ஸோல் இசையைத் தங்களுடையதென்று சொந்தம் கொண்டாடுகிறார்கள், புகழ் கைக்கெட்டும் இடத்தில் வரும்போது அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். ராப் ரைனரின் 'ஸ்பைனல் டாப்' (1984) ஒரு பொய் ஆவணப்படம். அதை நிஜமென்று நம்பியவர்கள் உண்டு. பின்லாந்துக்காரர் அகி கௌரிஸ்மாகி 1989இல் எடுத்த 'லெனின்கிராட் கௌபாய்ஸ் கோ அமெரிக்கா' இவற்றிலெல்லாம் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். உலகத்திலேயே மட்டமான இசைக்குழு, செத்துறைந்த தன் சகாவைப் பெட்டியில் வைத்துப் பழைய காடிலாக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, அமெரிக்காவின் குறுக்கே மெக்ஸிகோவுக்கு ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போகிறது. யாரும் சிரிப்பதில்லை, பார்க்கிறவர்களைத் தவிர.

தமிழில் இப்படி ஒரு படம் ஏன் இல்லை என்று கேட்டால், ராக் இசை நம் மண்ணைச் சேர்ந்ததல்ல என்ற பதில் தயாராக வரும். இந்தப் பதில் சோம்பேறித்தனமானது. ஃபின்லாந்தின் மண்ணையும் சேர்ந்ததல்ல அது. நமக்கு இல்லாமல் போனது வேறொன்று என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது சௌகரியம்.

ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற நீளமான பேரைச் சுருக்கி ஆர்.கே.பேட்டை. கிழக்கே திருத்தணி மலை, தெற்கே சோளிங்கர், வடக்கே பள்ளிப்பட்டு, அதைத் தாண்டினால் ஆந்திரம். நெசவு ஊர். இப்போது விசைத்தறி. அதன் தாளம் எந்த ராக் டிரம்ஸைவிடவும் கறாரானது, ஒரு சாப்பாட்டு நேரத்துக்கும் மின்வெட்டுக்கும் தவிர நிற்காதது. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகவோ, அல்லது நேர்மாறாகவோ பேசுவதில் இங்கே யாருக்கும் சிரமமில்லை. சிரமமெல்லாம் ராஜ்யங்களுக்குத்தான் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து இந்தப் பகுதியும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், மங்கலங்கிழாரின் உழைப்பு, படாஸ்கரின் பரிந்துரை எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. ஏழு வருஷத்தில் ஒரு வண்ணாத்திப்பூச்சிகூட இடம் மாறியிருக்காது. விலாசம் மட்டும் இரண்டு முறை மாறியது.

பள்ளிப்பட்டு வட்டத்தில் கோணேட்டம்பேட்டை என்று ஒரு கிராமம். 1946 ஜூன் 4ஆம் தேதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் அங்கே பிறந்தார். தகப்பனார் ஹரிகதை செய்தவர். பிள்ளை வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் ஆந்திரப் பக்கம், அனந்தப்பூரில் பொறியியல் படிப்பு தொடங்கி, உடம்புக்கு முடியாமல் விட்டுச் சென்னைக்கு வந்து தொடர்ந்தது. நாம் அவரை நெல்லூர்க்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஜாதகப்படி பார்த்தால் அவர் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர். இந்தத் தகவலை வைத்து மண்ணின் பெருமை பேசப்போவதில்லை. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. எனக்கு இதில் பயன்படுவது வேறு.

அதற்கு முன்னால் இன்னொரு திருத்தணிக்காரரைச் சொல்ல வேண்டும். முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775-1835) பிறந்தது திருவாரூரில் என்றாலும் வாக்கேயக்காரராகப் பிறந்தது திருத்தணி மலையில் என்பது சம்பிரதாயம். கிழவர் ஒருவர் வாயில் கற்கண்டு போட, முதல் கிருதி மாயாமாளவகௌளையில் வந்தது என்று கதை. இந்தக் கதையை அறிந்த அளவுக்கு இவருடைய மணலி வாசத்தை நம்மவர்கள் அறிந்துகொள்ளவில்லை. சென்னைக்கு வடக்கே மணலியில், கம்பெனிக்கு துபாஷாக இருந்த முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் தீக்ஷிதர் குடும்பம் இருந்தது. முதலியாரோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போனால் அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசிக்கும். தம்பி பாலுஸ்வாமி அங்கிருந்துதான் பிடிலைப் பிடித்துக்கொண்டார். அண்ணா மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். சங்கராபரணத்தில், கமகமே இல்லாமல், சமஸ்கிருத சாகித்யத்தோடு நாற்பதை ஒட்டி 'நோட்டு ஸ்வரங்கள்' அவர் பேரில் வழங்குகின்றன. பிரிட்டிஷ் ராஜாவுக்கு ஆயுசு கேட்கும் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் உண்டு. அதன்மேல் அவர் உட்கார்த்தி வைத்திருப்பது சங்கீத சியாமளையை. பல நோட்டுகளில் குருகுஹ முத்திரை இருக்கிறது. திருத்தணிதான் முதல் என்றால் இவை அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், கேட்டதோ பிள்ளைப் பிராயத்தில். இந்தச் சிக்கலை வித்வான்கள் தீர்த்துக்கொள்ளட்டும். 1893இல் ஏ.எம். சின்னசாமி முதலியார் இவற்றை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் அச்சேற்றினார். பிறகு வெகு காலம் இவை குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் விளையாட்டுச் சாமானாகவே கருதப்பட்டன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது, பேண்டு வரவில்லை என்பது. கோட்டை மைதானத்தில் தீக்ஷிதர் சகோதரர்கள் கேட்டது பலர் சேர்ந்து எழுப்பிய ஓசை. ஒவ்வொருவனும் தன் பங்கை மட்டும் வாசிக்க, கூட்டினால் ஒரு சங்கீதம். நாம் எடுத்துக்கொண்டது அதன் மேல்வரியை மட்டும். பிடில் நம்மிடம் வந்து பாட்டுக்காரரின் நிழலாக உட்கார்ந்தது. கிளாரினெட் தஞ்சாவூர் அரண்மனை வழியாக வந்து சதிர்க் கச்சேரியில் நின்றது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்ட 'இங்கிலீஷ் நோட்'டை மதுரை மணி ஐயர் ஸ்வரம் ஸ்வரமாகப் பாடிக் கூட்டத்தைக் குதூகலப்படுத்தியபோதும் அது ஒருவர் சாமர்த்தியம்தான். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் (1968) நாகஸ்வரம் இங்கிலீஷ் நோட் வாசிக்கும் இடத்தில் திரையரங்கே நிமிர்ந்து உட்கார்ந்ததற்கும் காரணம் அதேதான்: உன்னுடையதை நான் தனியாளாக வாசித்துவிட்டேன் பார் என்ற ரோஷம்.

பேண்டு என்ற வஸ்து மட்டும் தெருவுக்குப் போயிற்று. ஜரிகை வைத்த சிவப்புச் சட்டையும் தோள்பட்டைக் குஞ்சமுமாக, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமி புறப்பாட்டுக்கும் நடந்துகொண்டே வாசிக்கும் 'பேண்டு செட்'. அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று நமது இசை வரலாற்றாசிரியர்கள் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மேளக்காரரைப் பற்றி எழுத இரண்டு மூன்று பேர் கிடைத்தார்கள். பேண்டுக்காரருக்கு அதுவும் இல்லை. ஆக, தமிழில் 'பேண்டு' என்ற சொல்லிலேயே ஒரு தாழ்ந்த வாடை ஏறிவிட்டது. நண்பர்கள் சேர்ந்து பேண்டு ஆரம்பித்தார்கள் என்றால் 1960இல் எந்தத் தகப்பனாரும் பையனைச் சாதம் போட்டு உட்கார்த்தியிருக்க மாட்டார்.

இருந்தும் ஆரம்பித்தார்கள். சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களும் கான்வென்ட் பையன்களுமாகக் கிட்டார் பிடித்தார்கள். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட்டை விற்க நடத்திய 'சிம்லா பீட்' போட்டிகளிலிருந்து 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அவற்றில் முதலாவதில் சென்னைக் குழு ஒன்று இருக்கிறது. அதன் பேர் 'கன்ஃப்யூஷன்ஸ்'. குழப்பங்கள் என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொள்ளும் துணிச்சல் தமிழ்க் கவிஞனுக்குக்கூட அப்போது வந்திருக்கவில்லை. ஆனால் இவர்கள் பாடியது இங்கிலீஷில். அதே சிம்லாவுக்கு எம்.ஜி.ஆர். 'அன்பே வா'வில் (1966) போனார். அங்கே ட்விஸ்ட் ஆடும் கல்லூரி மாணவர் கூட்டம் தமிழில் பாடியது, டி.எம். சௌந்தரராஜன் குரலில். இரண்டு சிம்லாக்களும் சந்தித்துக்கொள்ளவேயில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை ஏற்றித் தாங்களே பாடினார்கள். பொப்பிசை என்று பேர். கள்ளும் மாமியும் மகளும் மீன்காரனுமாக ஒரு நகைச்சுவை உலகம் அதில் இருந்தது. மனோகரன் இங்கே வந்தபோது நாம் அவருக்கு வில்லன் வேஷம் கொடுத்தோம். கிட்டாரைச் சொந்தக் கையால் வாசித்துச் சொந்தக் குரலால் பாடும் ஒருவனை வேறு என்ன செய்வதென்று கோடம்பாக்கத்துக்குத் தெரியவில்லை.

இப்போது 1979க்கு வரலாம். அந்த வருஷம் ஏப்ரல் 14, சித்திரைப் பிறப்பன்று 'நினைத்தாலே இனிக்கும்' வெளியாயிற்று. கே. பாலசந்தர் டைரக்ஷன், கதை சுஜாதா, பாட்டு கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன். கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் ஓர் இசைக்குழுவில் இருக்கிறார்கள், குழு சிங்கப்பூர் போகிறது. தமிழில் ராக் இசைக்குழு ஒன்றைக் கதையின் நடுவில் வைத்த முதல் பெரிய படம் என்று இதைச் சொல்லலாம். தெலுங்கில் 'அந்தமைன அனுபவம்' என்று அதே வருஷம், ஆத்ரேயாவின் பாட்டுகளோடு. எங்கள் எல்லையில் இரண்டையும் பார்த்தவர்கள் நிறைய. இரண்டிலும் ஒரே முகங்கள், ஒரே சிங்கப்பூர், இரண்டிலும் பாடுகிற குரல் கோணேட்டம்பேட்டைக்காரருடையது. வசனம் மட்டும் எல்லை தாண்டியது.

படம் உற்சாகமானது. பாட்டுகள் இன்றைக்கும் நிற்கின்றன. விஸ்வநாதன் தன் வயதை மறந்து போட்ட மெட்டுகள். ஆனால் என் கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லவில்லை. முதல் காட்சியிலேயே இவர்கள் புகழ் பெற்றுவிட்டார்கள். யார் யாரோடு சேர்ந்தார்கள், எவன் வீட்டு மாடியில் பழகினார்கள், டிரம்ஸ் வாங்க யார் சங்கிலியை அடகு வைத்தார்கள், ஒன்றுமில்லை. ரிச்சர்ட் லெஸ்டரின் பீட்டில்ஸ் படத்திலும் (1964) புகழ் பெற்றபின்தான் கதை தொடங்குகிறது என்று சொல்லலாம். அங்கே ஓடுகிற நாலு பேரும் நிஜத்தில் வாசித்த நாலு பேர். இங்கே வாசித்தவர்கள் யார்? விஸ்வநாதனின் வாத்தியக்குழுவில் கிட்டாருக்கு பிலிப்ஸ், டிரம்ஸுக்கு நோயல் கிரான்ட், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, புல்லாங்குழலுக்கு நஞ்சப்பா என்று பெரிய கலைஞர்கள் இருந்த காலம். இப்படிப்பட்டவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால். சினிமா வாத்தியக்காரர்களுக்கு ஒரு சங்கம் வைத்துக் கூலி வாங்கித்தரவே எம்.பி. ஸ்ரீநிவாசன் போன்ற ஒரு கம்யூனிஸ்ட் வரவேண்டியிருந்தது. டைட்டிலில் பேர் வாங்கித்தர அவராலும் முடியவில்லை. ஆக, இசைக்குழுவைப் பற்றிய படத்தில் இசைக்குழு இல்லை. எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் முப்பது பேர், பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் ஒருவர். ராக் இசைக்குழு என்பது இந்த ஐந்து வேலையையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது. கோடம்பாக்கம் அவற்றை ஐந்து சம்பளப் பட்டியலாகப் பிரித்து வைத்திருந்தது.

இரண்டாவது குறை இதிலிருந்தே வருகிறது. கதாநாயகன் தப்பாக வாசிக்கவே முடியாது, ஏனென்றால் அவன் வாசிக்கவில்லை. தப்பான சுருதியில்தான் இந்த வகைப் படத்தின் சிரிப்பு முழுக்க இருக்கிறது. படத்தில் நகைச்சுவை எங்கே வருகிறது என்று பாருங்கள்: பூர்ணம் விஸ்வநாதனிடம் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடிக்கும் பந்தயம், ஜெயித்தால் கார், தோற்றால் விரல். ரோல்ட் டாலின் சிறுகதையிலிருந்து வந்த காட்சி, மிக நன்றாகவும் இருக்கிறது. ஆனால் குழுவுக்கு வெளியே நடக்கிற காட்சி அது. ஒரு வாத்தியக்காரனின் விரல் பந்தயத்தில் இருக்கிறது என்பதைக்கூட யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பிறகு கடத்தல், பழிவாங்கல், ரத்தப் புற்றுநோய் என்று படம் வழக்கமான மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறது.

தமிழ் சினிமாவில் அந்தத் தப்பான சுருதியை நாகேஷுக்கு மட்டும் அனுமதித்தார்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) அவர் படக் கம்பெனி ஆரம்பிக்கிறார். பணமில்லை, கதையில்லை, நடிகை இல்லை. பேர் மட்டும் இருக்கிறது, 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்'. பாலையாவுக்கு அவர் கதை சொல்லும் இடம் ஞாபகம் இருக்கும். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை ஆரம்பிக்கிறவனின் பைத்தியக்காரத்தனம் அதில் இருந்த அளவு பின்னால் எதிலும் இல்லை. அவருக்கு இரண்டு சேக்காளிகளைக் கொடுத்திருந்தால் நமக்கு வேண்டிய படம் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

நமக்கு வேண்டிய படம் கேமராவுக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1970ஐ ஒட்டிய வருஷங்களில் பாலசுப்ரமணியம் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். தெலுங்கில் 1966இலேயே பாடியாகிவிட்டது. தமிழில் முதலில் பாடிய 'ஹோட்டல் ரம்பா' வெளிவரவேயில்லை, 1969இல் 'அடிமைப்பெண்' வந்த பிறகுதான் பேர் தெரிந்தது. தமிழ் உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வா என்று விஸ்வநாதன் சொல்லி அனுப்பிய பையன். சங்கீதம் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. குழுவில் ஆர்மோனியம் அனிருத்தா. மற்ற மூன்று பேர் மதுரை ஜில்லாவின் மலையடிவாரத்திலிருந்து, பண்ணைப்புரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிப் பழகியவர்கள். பாஸ்கர் தாளவாத்தியம். ராஜையா கிட்டார். கடைசித் தம்பி அமர்சிங்கும் கிட்டார். ராஜையா ஒரு பக்கம் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

இந்தச் சேர்க்கையை நிறுத்தி யோசிக்க வேண்டும். பொறியியலை முடிக்காத ஒரு தெலுங்குப் பையன், தெலுங்கே தெரியாத மூன்று தேனிப்பக்கத்துப் பையன்கள். ஒருவன் வீட்டில் ஹரிகதை, மற்றவர்கள் வீட்டில் செங்கொடி. குரு பரம்பரை என்று தம்பூராவின் மேல் கைவைத்துச் சொல்லிக்கொள்ள யாருக்கும் ஒன்றுமில்லை. சபாக்களின் கணக்கில் இவர்கள் சங்கீதக்காரர்களே அல்ல. சினிமாவின் கணக்கில் இன்னும் வராதவர்கள். ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் போட்ட பாட்டை மேடையில் திருப்பி வாசிப்பது வேலை. மெல்லிசைக் குழுவைக் கேவலமாக நினைப்பது அறிவாளிகளின் வழக்கம், நகல் என்பதால். பீட்டில்ஸும் ஹாம்பர்க் மதுக்கடைகளில் இரவு முழுக்க அமெரிக்கர்களின் பாட்டைத்தான் நகல் எடுத்தார்கள். வாத்தியக்காரனுக்கு நகல்தான் பள்ளிக்கூடம். ஆடிக் கிருத்திகைக்கோ கோயில் கொடைக்கோ கீற்றுக் கொட்டகையில் ஆயிரம் பேர் முன்னால் ஒரு பாட்டின் இடையிசையைத் தன் காதில் கேட்டபடி நாலே வாத்தியத்தில் சமாளிக்கத் தெரிந்தவனுக்கு, அந்த இடையிசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது எலும்பு எலும்பாகத் தெரியும். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது வானத்திலிருந்து குதித்த மாதிரி எல்லோரும் எழுதினார்கள். அது மேடைகளிலிருந்து இறங்கி வந்தது.

(அதே 1970 அக்டோபரில் ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி முதலான நண்பர்கள் கைக்காசு போட்டு 'கசடதபற'வை ஆரம்பித்தார்கள். வல்லின எழுத்துகளை மட்டும் வரிசையாக வைத்துப் பேர். ஆரம்பித்த விதத்திலும் கேட்க ஆளில்லாமல் வாசித்த விதத்திலும் பிறகு பிரிந்துபோன விதத்திலும் அது சிறுபத்திரிகை என்பதைவிட ராக் இசைக்குழுவுக்கே பக்கத்தில் இருக்கிறது. நம்மைப் பற்றியும் யாராவது ஒரு வேடிக்கைப் படம் எடுக்கலாம்.)

மெல்லிசைக் குழு கலைந்தது. சண்டையால் அல்ல, ஆளுக்கொரு வேலை கிடைத்ததால். 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தபோது ராஜையா ஏற்கெனவே மூன்று வருஷமாக இளையராஜா. அந்தப் படத்துக்கு இசை அவரல்ல. தான் இயக்கும் படத்துக்கு பாலசந்தர் அவரை அழைக்க 1985இல் 'சிந்து பைரவி' வரவேண்டியிருந்தது. ஆக, பொய்யான ஓர் இசைக்குழுவின் குரலாக, நிஜமான ஓர் இசைக்குழுவின் பழைய தலைவர், தன் சகாக்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று இரண்டு மொழியிலும் பாடியிருக்கிறார். படத்தில் இல்லாத நகைச்சுவை இதில் இருக்கிறது.

பத்து வருஷம் கழித்து, 1989 ஜூனில், 'கரகாட்டக்காரன்' வந்தது. டைரக்டர் கங்கை அமரன், அதாவது இரண்டாவது கிட்டார். இசை இளையராஜா. படத்தில் பெரிதும் பேசப்பட்ட டூயட்டைப் பாடியவர் பாலசுப்ரமணியம். மெல்லிசைக் குழு இன்னொரு பேரில் மறுபடி சேர்ந்துவிட்டது. கதை ஓர் ஆட்டக்குழுவைப் பற்றியது. 'தில்லானா மோகனாம்பா'ளின் சாயல் அதில் தெரியும்படியே இருக்கிறது. ஆனால் சிவாஜி கணேசனின் சண்முகசுந்தரம் மேதை, அவனுக்கு ரோஷம் தவிர வேறு குறை இல்லை. இங்கே கவுண்டமணிக்குத் தவில், செந்திலுக்கு நாகஸ்வரம், கோவை சரளா இன்னொரு பக்கம், மொத்தக் குழுவுக்கும் சேர்த்து ஒரு பழைய கார். அந்தக் காரை முன்னால் வைத்திருந்த பெண்ணை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி ஒரு தலைமுறையின் பழமொழியாயிற்று. வாழைப்பழக் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது.

கௌரிஸ்மாகியின் படமும் அதே 1989. அங்கே காடிலாக், இங்கே இது. இரண்டிலும் வாத்தியக்காரர்கள் தள்ளுகிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் தெருவில் நிற்கும் வாத்தியக்காரனின் நிலைமை எங்கும் ஒன்று: கச்சேரி நேரம் நெருங்குகிறது, வண்டி நகரவில்லை, தலைவன் கத்துகிறான், உதவியாளன் தப்பான பதிலைச் சொல்கிறான். கவுண்டமணியின் கோபத்தை வெறும் அடிதடி நகைச்சுவை என்று நம் விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் ஒரு குழுவை நடத்துகிறவனின் விரக்தி கேட்கிறது. சம்பளம் பங்கு போட்டவனுக்குத்தான் அந்தக் கோபம் வரும். கங்கை அமரன் அதை எங்கே கேட்டிருப்பார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

கரகாட்டக் குழுவை ராக் இசைக்குழுவோடு ஒப்பிடுவது அபசாரம் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்வார்கள். நாட்டார் கலை ஆராய்ச்சிக்காரர்களுக்கு ராக் அன்னியம், ராக் ரசிகர்களுக்குத் தவில் கிராமம். நான் ஒப்பிடுவது ஓசையை அல்ல, சேர்க்கையை. அந்த வகையில் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இந்த வரலாற்றின் அடுத்த பக்கம். பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவில் கிட்டாரும் டிரம்ஸும் இருந்தன, கானாவும் பறையும் இருந்தன. பேர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்ற சொற்சேர்க்கையிலிருந்து வந்தது. ஜரிகைச் சட்டை போட்டுப் பந்திக்கு வெளியே நின்ற பேண்டுக்காரன் முதல் முறையாகத் தன் பாட்டைத் தானே எழுதிப் பாடினான் என்று நான் அதைக் கேட்டேன். 'நினைத்தாலே இனிக்கும்' பிரித்து வைத்த ஐந்து சம்பளப் பட்டியலும் அங்கே ஒரே மேஜையில் இருந்தது. அதில் நகைச்சுவையும் இருந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பாட முடியும் என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்?

பழைய குழுவின் கதைக்கு இன்னொரு காட்சி உண்டு, எந்தத் திரைக்கதாசிரியனும் இதை வைக்கத் தயங்குவான். 2017இல் பாலசுப்ரமணியம் தன் ஐம்பது வருஷப் பாட்டு வாழ்வைக் கொண்டாட அமெரிக்காவில் மேடை மேடையாகப் பாடிக்கொண்டிருந்தபோது, தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜாவின் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. நம் பத்திரிகைகள் இதை நட்பு, துரோகம் என்று கண்ணீர்க் கதையாக்கின. சட்டப்படி இசையமைப்பாளருக்குக் கேட்க நியாயம் உண்டு. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோது பாராளுமன்றமே அதை ஒப்புக்கொண்டது, தயாரிப்பாளர்கள் ஐம்பது வருஷமாக அள்ளிக்கொண்டு போனதற்குப் பிறகு. ஆனால் அந்தச் சட்டத்தில் 'குழு' என்று ஒரு ஆள் இல்லை. எழுதியவர் உண்டு, மெட்டமைத்தவர் உண்டு, பாடியவருக்கு ஓர் உரிமை உண்டு. கீற்றுக் கொட்டகையில் ஒருவன் தாளம் மாற்ற, இன்னொருவன் அதைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் சிரிக்க, அதிலிருந்து ஆறு வருஷம் கழித்து ஒரு மெட்டு வந்தால் அது யாருடையது என்று சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. கமிட்மென்ட்ஸ் படத்தில் பையன்கள் அடித்துக்கொள்வது புகழுக்கு முன்னால். நம்மவர்களுக்கு அது நாற்பத்தைந்து வருஷம் தள்ளி, அறிவிப்புத் தபாலில் வந்தது. 2019 ஜூனில் இருவரும் சென்னையில் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்ரமணியம் இறந்தார். திருவள்ளூர் ஜில்லாவிலேயே, தாமரைப்பாக்கத்தில், தன் தோட்டத்தில் அடக்கமானார்.

அனிருத்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு சொல் எழுதுகிறார்கள், ஆர்மோனியம் என்று. அதற்கடுத்த வரியில் இளையராஜா முதலில் கிட்டார், பிறகு ஆர்மோனியம் என்று இருக்கும்.